அப்பூப்பன் கட்டிய பொன் கடிகாரம்: வயதும் மாற்றும் அறியும் வழி

நெய்யாற்றின்கரையில் பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்குக் கைக்கடிகாரத்தோடு என்ன சம்பந்தம் என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டார் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். பித்தளை, வெண்கல வியாபாரமாக இங்கே வந்து நிலைத்தவர்கள். பழைய பாத்திரம் எடைக்கு வரும்போது அதன் விளிம்பில் பேரும் ஆண்டும் வெட்டியிருக்கும். அதைப் படிக்கப் பழகியதில் கல்வெட்டுப் பித்து பிடித்தது. "நயினார் அண்ணாச்சி பழைய எழுத்துப் படிப்பார்" என்று பேர் பரவியதால் பட்டயம், பத்திரம், நாணயம் என்று கொண்டுவந்தார்கள். கடைசியில் வாட்சும் வந்தது.

வந்தது பாறசாலைக்கு அருகே உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது அல்லவா, அப்படி இந்தப் பக்கம் நின்றுபோன வீடு. கொண்டான் கொடுத்தான் எல்லாம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். பெரியவர் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அவர் மகன் சமீபத்தில் காலமானபோது ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: பொன் வாட்ச் பையனுக்கு, அதன் பொன் விலைக்குச் சமமானது இரண்டு பெண்மக்களுக்கும். ஒரு வரிதான். அந்த ஒரு வரியில் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டது.

காரணம் இதுதான். வாட்சைப் பட்டையோடு நிறுத்தால் 41 கிராம். ஐந்து பவுனுக்கு மேலே. ஒரு நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்த்து, பட்டை 22 கேரட் என்றார்கள். அக்காமார் இருவரும் முழுவதும் 22 கேரட் என்றே எடுத்துக்கொண்டார்கள். தம்பி வேறொரு கடைக்குப் போனார். அங்கே வாட்சின் முதுகைப் பார்த்து, "916 முத்திரை இல்லையே, இது கில்ட்டு" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆக, ஒரே பொருள் ஒரு கடையில் ஐந்து பவுன், மறு கடையில் பூச்சு. போதாததற்கு ஒரு குடும்பக் கதையும் உண்டு. "இது அப்பூப்பன் கல்யாணத்துக்குக் கெட்டின வாச்சாக்கும்" என்று பாட்டி சொல்வாளாம். கல்யாணம் கொல்லம் ஆண்டு 1113 சித்திரை, அதாவது 1938.

மூவரிடமும் நான் சொன்னது, கடிகாரம் ஒரு பொருள் அல்ல, நாலு பொருள். உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்று. அதை மூடியிருக்கும் கூடு, அதாவது கேஸ், ஒன்று. முகம், அதாவது டயல், ஒன்று. கையில் கட்டும் பட்டை ஒன்று. நாலும் வேறு வேறு ஊரில், வேறு வேறு கையில், சில சமயம் வேறு வேறு ஆண்டில் செய்யப்பட்டவை. ஒன்றைப் பார்த்து மற்றதற்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னதுதான் அந்த இரண்டு கடைக்காரர்களும் செய்த தவறு.

இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், சிதறால் மலைக்கு. பழைய பெயர் திருச்சாரணத்து மலை. அங்கே பாறையில் எங்கள் தீர்த்தங்கரர்களும் பத்மாவதி அம்மனும் இருக்கிறார்கள். விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி பொன் காணிக்கை கொடுத்த செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லில் நாம் இன்று எழுதுகிற ஆண்டு கிடையாது. அரசன் பெயர், எழுத்தின் வடிவம், சொல்லின் போக்கு எல்லாம் சேர்ந்து ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசி, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று சொல்ல வைக்கின்றன. கடிகாரத்துக்கும் இதே முறைதான். ஒரு சாட்சி போதாது. இரண்டு மூன்று சாட்சி ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

முதலில் கூடு. பொன்னைப் பற்றிய உண்மையெல்லாம் அதன் பின்மூடியின் உட்புறத்தில் இருக்கும், வெளியே இருக்காது. தயவுசெய்து பேனாக்கத்தி போட்டு நெம்பாதீர்கள். அழுத்தி மூடும் வகை, திருகி மூடும் வகை என்று இரண்டு உண்டு. திருகு வகையை நெம்பினால் மூடி கோணிப் போகும். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் எனக்குப் பழக்கமான வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனோம். ஒரு நொடியில் திறந்து கையில் கொடுத்தார்.

உள்ளே ‘டெனிசன்’ என்ற பெயர், ‘மேட் இன் இங்கிலாந்து’, பிறகு வரிசையாகப் பொடி முத்திரைகள்: ‘9’, ‘.375’, ஒரு நங்கூரம், ஒரு தனி எழுத்து. இந்த வரிசையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 9 என்பது கேரட். .375 என்பது ஆயிரத்துக்கு 375 பங்கு பொன். நங்கூரம் பர்மிங்ஹாம் நகரத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் அடையாளம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்பது தனிக் கதை. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை. கடைசியில் உள்ள தனி எழுத்து ஆண்டைக் குறிக்கும். ஆண்டுக்கு ஒரு எழுத்து மாறும், நெடுங்கணக்கு முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி தொடங்குவார்கள். பட்டியலோடு வைத்துப் பார்த்தால் இந்தக் கூடு முத்திரை பெற்றது 1953-54. டெனிசன் என்பது பர்மிங்ஹாமில் இருந்த கூடு செய்யும் கம்பெனி. அமெரிக்காவிலிருந்து வந்த ஆரன் டெனிசன் தொடங்கியது. ஒமேகா, ரோலக்ஸ், லான்ஜின்ஸ் போன்ற பெரிய பெயர்களுக்கெல்லாம் இங்கிலாந்தில் கூடு செய்து கொடுத்தது. 1967-இல் மூடிவிட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டெனிசன் பெயர் இருந்தாலே பொன் என்று எண்ண வேண்டாம். அதே கம்பெனி நடுவில் மட்ட உலோகமும் இருபுறமும் பொன் தகடும் வைத்து அழுத்திய கூடுகளும் செய்தது. அவற்றில் ‘இத்தனை ஆண்டு தேயாது’ என்று உத்தரவாதம் எழுதியிருக்கும். ஆண்டு உத்தரவாதம் எழுதியிருந்தால் அது முழுப் பொன் அல்ல என்று உடனே தெரிந்துகொள்ளலாம். பொன் தேய்ந்து தீர்ந்துபோகும் என்ற கவலை முழுப் பொன்னுக்கு எதற்கு? அதேபோல ‘ரோல்டு கோல்டு’, ‘20 மைக்ரான்’, ‘பிளாக்கே’ என்ற சொற்கள் தகடு அல்லது பூச்சுக்கு அடையாளம். முதுகில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், மேலே மட்டும் முலாம். நம் பக்கத்தில் பெர்ஷியாக்காரர்கள் கொண்டுவந்த பளபளப்பான வாட்சுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். அவை நல்ல கடிகாரங்கள்தான், பொன் கடிகாரங்கள் அல்ல.

சுவிட்சர்லாந்துக் கூடாக இருந்தால் முத்திரை வேறு. 1880-இல் அங்கே சட்டம் போட்டு, 18 கேரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு ஓர் அணில் என்று வைத்தார்கள். அந்தப் பெண் ஹெல்வெஷியா, அவர்களுக்கு நம் பாரதமாதா மாதிரி. 1995-இல் இவையெல்லாம் போய் ஒரு நாய்த்தலை வந்தது. ஆகவே அணில் இருந்தால் 14 கேரட், 1995-க்கு முந்தையது. எண்ணாகவும் அடித்திருப்பார்கள்: 18 கேரட்டுக்கு 0.750, 14 கேரட்டுக்கு 0.585 அல்லது 0.583. வெளிநாட்டில் செய்து பிரிட்டனுக்குள் வந்த கூடுகளுக்கு 1907 ஜூன் முதல் தனி இறக்குமதி முத்திரை கட்டாயமாயிற்று. பர்மிங்ஹாம் நங்கூரத்துக்குப் பதில் முக்கோணம் வந்தால் அது இறக்குமதிக் கூடு. 15 கேரட் என்று எழுதி .625 இருந்தால் 1932-க்கு முந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்த ஆண்டில் பிரிட்டனில் 15-ஐயும் 12-ஐயும் எடுத்துவிட்டு 14-ஐ வைத்தார்கள்.

916 இல்லை என்று தள்ளிய கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு பி.ஐ.எஸ். ஹால்மார்க் முறை பொன் நகைகளுக்கு வந்ததே 2000-இல். 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியபோதும் கைக்கடிகாரத்துக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். எழுபது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்த கூட்டில் 916-ஐத் தேடுவது, தாத்தாவின் ஜாதகத்தில் ஆதார் எண்ணைத் தேடுவது போல.

மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் உள்ள கேரட் மீட்டர் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும், முடியின் தடிமனைவிடக் குறைந்த ஆழம். கெட்டியான பொன் தகடு போர்த்திய கூட்டை அது முழுப் பொன் என்றே சொல்லிவிடும். உரைகல்லும் அப்படித்தான், அதோடு முத்திரையையும் தேய்த்துவிடும். ஆகவே முத்திரையைப் படித்த பிறகுதான் மெஷின்.

இனி இயந்திரம். டயலில் ‘ஒமேகா’ என்றிருந்தது. உள்ளே இயந்திரத்திலும் அதே பெயர், செம்பு நிறத்தில். பெயர் இரண்டு இடத்திலும் பொருந்த வேண்டும், இது முதல் சோதனை. மேலே பெரிய பெயரும் உள்ளே பெயரில்லாத இயந்திரமும் இருந்தால் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இயந்திரத்தில் இரண்டு எண்கள் இருக்கும், பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். மூன்று இலக்கமாக உள்ளது வகை எண், இதில் 266. எட்டு இலக்கமாக உள்ளது வரிசை எண், இதில் 13 மில்லியனில் தொடங்கியது. வரிசை எண்தான் வயதைச் சொல்லும். ஒமேகா எண்கள் 13 மில்லியனைத் தொட்டது 1952-ஐ ஒட்டி. ஓரிரு வருடம் முன்பின் இருக்கலாம், ஏனென்றால் இயந்திரம் செய்து வைத்துக் கூட்டில் போடக் காலதாமதம் ஆகும். 266 என்பது 30 மில்லிமீட்டர் அகலமுள்ள, கையால் சாவி கொடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பமே 1939-இல்தான் பிறந்தது.

ஆக இயந்திரம் 1952-ஐ ஒட்டி, கூடு 1953-54. ஒன்று சுவிஸ், ஒன்று இங்கிலாந்து. ஒன்றை ஒன்று கேட்காமலே இரண்டும் ஒத்துப்போகின்றன. 1938 கல்யாணத்துக்கு இது வந்திருக்க வழியே இல்லை.

எல்லா வாட்சிலும் எண் பட்டியல் கிடைக்காது. அப்போது குணங்களைப் பார்த்து ‘இதற்கு முந்தையதல்ல’ என்று எல்லை கட்டலாம். அதிர்ச்சி தாங்கும் ‘இன்காப்ளாக்’ அமைப்பு 1930-களின் நடுவில் வந்தது. டயலில் தேதி மட்டும் சிறு ஜன்னலில் தெரிவது 1945-க்குப் பிறகுதான் பரவிற்று. டயலின் அடியில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்கு இருபுறமும் ‘டி’ எழுத்து இருந்தால் 1960-களுக்கு முன்னால் போகாது. அது இருட்டில் ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் இருப்பதைக் குறிக்கும். பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் முதலில் விற்பனைக்கு வந்தது 1969 டிசம்பர் 25, ஜப்பானில். கடைக்காரர் பெயரும் உதவும். டயலில் ‘வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய், கல்கத்தா’ என்றோ, ‘ஃபேவர் லூபா’ என்றோ, சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்துவந்த ‘பி. ஆர் அண்ட் சன்ஸ்’ என்றோ இருந்தால் அது இந்தியாவுக்காக வந்த சரக்கு. எச்.எம்.டி. என்றால் 1961-க்குப் பிறகு. பெங்களூரில் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனி உதவியோடு தொடங்கிய ஆண்டு அது.

ஒளிரும் பூச்சைச் சொன்னேன் அல்லவா, இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். 1960-களுக்கு முந்தைய வாட்சுகளில் முள்ளிலும் எண்ணிலும் பழுப்பேறிய பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கும். இருட்டில் இப்போது ஒளிராது. அதனால் செத்துப்போயிற்று என்று நினைக்கக்கூடாது. ஒளிரும் மருந்துதான் செத்தது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கூட்டைத் திறந்து சுரண்டுவதோ ஊதுவதோ வேண்டாம், குழந்தைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம். கண்ணாடி மூடியிருக்கும்வரை அலமாரியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

டயலைப் புதுப்பிக்கலாமா என்று தம்பி கேட்டார். கூடாது என்றேன். மஞ்சள் தட்டியிருந்தாலும் அது அசல் முகம். புதிதாக வண்ணம் அடித்த டயல் எழுத்து இடைவெளியில் காட்டிக்கொடுத்துவிடும். வாங்குகிறவன் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

கூட்டின் உட்புறத்தில் முத்திரைகளுக்கு நடுவே ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் இருந்தன. இவை ரிப்பேர்க்காரர்களின் குறிப்புகள். உலகம் முழுக்க அவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. பூதக்கண்ணாடியில் ஒன்று தெளிவாகக் கிடைத்தது: ‘டி.வி.எம். 3-58’. 1958 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் இதைத் திறந்து சுத்தம் செய்திருக்கிறார்கள். வீட்டில் தேடச் சொன்னேன். பெரியவரின் பழைய பாஸ்போர்ட் கிடைத்தது. 1955-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வழியாக ஊர் திரும்பிய முத்திரை அதில் இருந்தது. அப்படியானால் 1954-க்கும் 1958-க்கும் நடுவில் இது அவர் கைக்கு வந்திருக்கிறது. ஊர் திரும்பும் முன் கொழும்பில் வாங்கினார் என்பதே பொருத்தமாகப் படுகிறது. ரசீது கிடைத்தால்தான் சத்தியம் செய்வேன்.

அப்படியானால் பாட்டி பொய் சொன்னாளா? பெரிய அக்காவுக்கு இதில்தான் வருத்தம். வாட்ச் ஒன்பது கேரட் என்றபோது கலங்காதவர் இதற்குக் கண் கலங்கினார். கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். கொண்டுவந்தார்கள். அட்டையின் பின்னால் மையில் 1113 என்று எழுதியிருக்கிறது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடதுகை தெரியும்படி முழங்காலில் வைத்திருக்கிறார். கையில் வாட்ச் இருக்கிறது. ஆனால் அது நீள்சதுரம். 1930-களில் அதுதான் நாகரிகம். நம் கையில் உள்ளது வட்டம். பாட்டி சொன்னது நிஜம், வாட்ச்தான் வேறு. யுத்தகாலத்தில் பர்மா அரிசி நின்று திருவிதாங்கூர் முழுக்க மரச்சீனிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தபோது முதல் வாட்ச் விலைக்குப் போனதாக அவர்களுடைய அத்தை சொன்னார். அவர் தன் அம்மையிடம் கேட்டது. பழையது போய்ப் புதியது வந்தது. கதை மட்டும் கையிலேயே தங்கிவிட்டது.

இனிக் கணக்கு. ரிப்பேர்க்காரர் இயந்திரத்தையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் நிறுத்தார்: 11 கிராம். அதில் 37.5 சதம் பொன், அதாவது 4.125 கிராம். நம் பழைய பேச்சில் பத்தரை மாற்று சுத்தப் பொன் என்றால் இது நாலு மாற்றுக்கும் குறைவு. 22 கேரட் கணக்கில் திருப்பினால் சுமார் 4.5 கிராம், அரைப் பவுனுக்குச் சற்று மேல். இயந்திரம், கண்ணாடி, டயல் எல்லாம் சேர்ந்து 14 கிராம். அதில் நகைக்கடைக்குப் பிரயோசனமான பொன் இல்லை.

பட்டைதான் ஆச்சரியம். அது கம்பெனிப் பட்டையே அல்ல. கண்ணி கண்ணியாகக் கோத்து, கொக்கி மட்டும் நம் ஊர் வளையல் திருகாணி மாதிரி வைத்திருக்கிறது. உள்ளூர்த் தட்டான் வேலை. 16 கிராம், 22 கேரட். சரியாக இரண்டு பவுன். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். அந்த உத்தரவில் நொடிந்துபோன பொற்கொல்லர் குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே இந்தப் பட்டை அதற்கு முன் செய்தது என்று எண்ண இடமிருக்கிறது. ஒன்பது கேரட் கூட்டுக்கு இருபத்திரண்டு கேரட் பட்டை போட்ட மனிதருக்குக் கூட்டின் மாற்று தெரியாது என்றே நினைக்கிறேன். பளபளத்ததை நம்பியிருக்கிறார்.

ஐந்து பவுன் என்று சண்டை போட்டது மொத்தம் இரண்டரைப் பவுன். அதிலும் இரண்டு பவுன் பட்டையில். பட்டையை அக்காமார் எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பவுன், வாட்சைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும், தாளில் எழுதியதும் அதுவேதான் என்று சொன்னேன். வாட்சுக்கு வாட்ச் என்ற முறையில் தனி மதிப்பு உண்டு. உருக்கினால் அரைப் பவுன், ஓடவிட்டால் அதற்கு மேல். ஓடுகிற பழைய கடிகாரத்தைப் பொன் எடைக்குக் கொடுப்பது ஓலைச்சுவடியை அடுப்புக்குக் கொடுப்பது போலத்தான். பெரிய அக்கா உடனே சம்மதித்தார். சின்னவருக்குப் பட்டையை இரண்டாக வெட்ட மனமில்லை. அதை முழுதாக அக்காவிடமே விட்டு, ஒரு பவுனுக்குப் பணம் வாங்கிக்கொண்டார்.

தம்பி இப்போது தோல் பட்டை போட்டுக் கட்டுகிறார். நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறதாம். எழுபது வயதுக்கு அது மோசமில்லை. காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கவும், இறுகியதும் நிறுத்தவும், நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றவும் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

வாட்ச் பெட்டியில் வைக்க ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார்கள். இயந்திர எண், கூட்டின் முத்திரைகள், எடை, கீறல், பாஸ்போர்ட் தேதி எல்லாம் வரிசையாக எழுதி ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். பெரிய அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, முதல் வாச்சு சதுரம் எண்ணும் எழுதிப் போடுங்க" என்றார். எழுதினேன், படத்தின் ஆண்டோடு.